அடுக்குமாடி வீட்டில் பொங்கல்

தமிழ்நாட்டிலிருந்து வேலை காரணமாகச் சிங்கப்பூருக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பத்திற்கு, முதல் பொங்கலின்போது பொருள்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது. பொங்கல் நெருங்கும்போது லிட்டில் இந்தியா கடைகளில் மண்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வந்து குவிந்துவிடும். சிக்கல் நேரத்தில்தான் தொடங்குகிறது.

தை முதல் நாள் கதிரவன் எழும் வேளையில், வாசலில் புதுப்பானை பொங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். விளைச்சலுக்குத் துணைநின்ற கதிரவனுக்கு அவன் கண்முன்னே படைப்பதுதான் பொங்கல். சிங்கப்பூரிலோ ஜனவரி நடுவில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறத்தாழ 7.10 ஆகிவிடும். இதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். 1982இல் மலேசியா முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியபோது, சிங்கப்பூரும் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. மேலும், தீபாவளியைப் போலப் பொங்கல் இங்குப் பொது விடுமுறை அன்று. பொங்கல் வார நாளில் வந்தால், கதிரவன் எழும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

இதனால் சில வீடுகளில் விடியுமுன்னரே பொங்கலிட்டுப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். சிலர் மாலையில் பொங்கலிடுகின்றனர். வார இறுதிக்குத் தள்ளிவைப்போரும் உண்டு. "சூரியன் இல்லாமல் பொங்கலா?" என்று ஊரிலிருந்து பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால், உரிய நேரத்தில் பானை பொங்கியும், "பொங்கலோ பொங்கல்" என்று கூவப் பிள்ளைகள் வீட்டில் இல்லையென்றால் என்ன செய்வது என்று தாய் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது அடுப்பு. அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரம் அனைவருக்கும் பொதுவானது. அங்கே கல் கூட்டி விறகு எரிக்க முடியாது. சமையலறையில் எரிவாயு அடுப்பு இருந்தால், பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீ அணைந்தால் வாயு கசியக்கூடும். காந்தத் தூண்டல் அடுப்பாக இருந்தால் மண்பானை சூடாகவே ஆகாது. வெண்கலப் பானைக்கும் அதே கதிதான். ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த பானை, அன்று மஞ்சள் கொத்தைச் சுமந்தபடி மேசைமேல் வீற்றிருக்கும். எவர்சில்வர் பாத்திரம் அடுப்பில் பொங்கும்.

போகியன்று பழைய பொருள்களை எரிப்பதும் இங்கு இயலாது. எனவே, பழையவற்றை ஒதுக்கி வீட்டைத் துப்புரவு செய்வதோடு போகி முடிகிறது. புதிதாக வந்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு காத்திருக்கும். சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வருவதால், ஏறக்குறைய அதே காலத்தில் சீன அண்டைவீட்டாரும் பழையன கழித்து வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து அவர்கள் விவரம் கேட்பதும், ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அடுத்த வீட்டுக்குப் போவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

மாட்டுப் பொங்கலுக்கு வீட்டில் மாடு இல்லை. ஆயினும், தேக்காவுக்குச் செல்லும் பிள்ளைகள் அங்குள்ள தெருப்பெயர்களைக் கவனிக்கலாம். 'கெர்பாவ்' என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும், அவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்ததை நினைவூட்டுகின்றன. சில ஆண்டுகளில் பொங்கலின்போது லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளை அழைத்து வருவதும் உண்டு.

தமிழ்நாட்டு நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. பாட்டி வீட்டு வாசலில் கதிரவன் எழும்போது இங்கு மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். அங்கே பானை பொங்குவதைத் தாய் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைக்கிறார். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள், காலையில் எடுத்துவைத்த பொங்கலைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்க்கின்றனர்.