ஏலம் அவங்க... மார்க் நாங்க!

சட்டைப் பையில் நாற்பத்தேழு ரூபாய் வைத்திருக்கும் நாலு பேர், பதினாலு கோடி ரூபாய்ச் செலவைப் பற்றி, ''ச்சே... பத்துலயே முடிச்சிருக்கலாம்ப்பா!'' என்று வயிறெரிந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்கணும்னா ஐ.பி.எல். ஏலம் நடக்கிற அன்று ராத்திரி, புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் வாருங்கள். டீக்கடை பெஞ்சில் அந்த நாலு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். நாலில் ஒருவன், அடியேன்.

கமிட்டி மெம்பர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அரசாங்க ஆபீஸில் எல்.டி.சி.யாக இருக்கும் நண்பர். இவருக்கு ஃபைல் நகராது, ஆனால் தோனி 2011-ல் எந்த மேட்ச்சில் எந்த ஓவரில் என்ன செய்தார் என்பது விரல் நுனியில்! அடுத்தவர் மெடிக்கல் ரெப். டை கட்டிக்கொண்டே ஆத்திரப்படத் தெரிந்தவர். மூன்றாமவர் பேங்க் கேஷியர். 'பர்ஸில் மீதி எவ்வளவு?' என்று கேட்டால் இவர்தான் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவன். எனவே கணக்கு நோட்டு என் பொறுப்பு.

கௌரவத் தலைவர், சொல்தா மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். பென்ஷன் யூரோவில் வருவதால், டீக்காசு பெரும்பாலும் அவருடையதுதான். அதனால் அவர் கருத்துக்கு இங்கே தனி மரியாதை!

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள சைஸ், கோடு போட்டது. நாலு பத்தி. ஆட்டக்காரர் பெயர், வாங்கின விலை, நாங்கள் போட்ட மார்க். நாலாவது பத்தி 'நடந்தது'. இது சீசன் முடிந்த பிறகு எழுதப்படும். சென்னை சூப்பர் கிங்ஸ் யாரை எடுத்தாலும் அன்று ராத்திரியே நூற்றுக்கு இத்தனை என்று மார்க் விழுந்துவிடும். போன டிசம்பர் ஏலத்துக்கு முன்பு பழைய பக்கங்களைப் புரட்டினேன். புரட்டியிருக்கக்கூடாது!

2018 ஜனவரி, பெங்களூர் ஏலம். இரண்டு வருஷத் தடை முடிந்து சென்னை திரும்பி வந்த நேரம். எடுத்ததெல்லாம் முப்பதைத் தாண்டின ஆட்கள். ''டீமா இது? சஷ்டியப்த பூர்த்திக் கல்யாண வீடு மாதிரி இருக்கு'' என்றார் ரெப். 36 வயது வாட்சனுக்கு 4 கோடியா என்று கேஷியர் தலையில் கை வைத்துக்கொண்டார். மொத்த டீமுக்கும் 35 மார்க் போட்டோம். பாஸே இல்லை என்று சிலர் வாதாடினார்கள்.

நடந்தது: மே மாதம் மும்பை ஃபைனலில் அதே வாட்சன் 57 பந்தில் 117 ரன், நாட் அவுட். கப்பு நமக்கு! 2.20 கோடிக்கு வந்த ராயுடு அந்த சீசனில் 602 ரன் அடித்தார்.

2021. கிருஷ்ணப்பா கௌதம், 9.25 கோடி. ''ஆல்ரவுண்டர்! கண்ணை மூடிட்டு 85 போடு'' என்றார் எல்.டி.சி. நடந்தது: அந்த சீசனில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆனால், கப்பு அந்த வருஷமும் நமக்குத்தான்!

2022 டிசம்பர், கொச்சி. பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடி. 98 மார்க். மீதி ரெண்டு மார்க்கைத் திருஷ்டிக்காகக் குறைத்தோம். அதே ஏலத்தில் அடிப்படை விலை 50 லட்சத்துக்கு அஜிங்க்யா ரஹானே. அவருக்கு 15 மார்க் போட்டு, பக்கத்தில் 'எதுக்கு?' என்று எழுதியிருக்கிறேன். சாட்சாத் என் கையெழுத்துதான்.

நடந்தது: ஸ்டோக்ஸ் ரெண்டே மேட்ச், 15 ரன். ரஹானே 326 ரன், அதுவும் நூறு பந்துக்கு 170-க்கு மேல் என்கிற வேகத்தில். 2023 கப்பும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? நாங்கள் ஃபெயில் போட்ட வருஷமெல்லாம் கப்பு வந்திருக்கிறது. அப்படியானால் நாங்கள் ஓகோவென்று புகழ்ந்த வருஷம்? அதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 24, 25. சவூதி அரேபியாவின் ஜெட்டா. அஸ்வினைத் திரும்ப 9.75 கோடிக்கு எடுத்தார்கள். நம்ம சென்னைப் பையன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ரெப் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். 100-க்கு 100! அதே நாளில் 10 கோடிக்கு ஆப்கானிஸ்தான் பையன் நூர் அகமது. ''இன்னொரு ஸ்பின்னருக்குப் பத்து கோடியா?'' என்று முணுமுணுத்து 40 போட்டோம்.

நடந்தது: நூர் அகமது 24 விக்கெட். அஸ்வின் 9 மேட்ச்சில் 7 விக்கெட். ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றார். அவர்மேல் வருத்தமில்லை, அவர் தந்ததெல்லாம் கொஞ்சமா? டீம்? 14 மேட்ச்சில் 4 ஜெயம். சரித்திரத்தில் முதல் தடவையாகப் பத்தாவது இடம்... கடைசி!

அந்த இருண்ட சீசனில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக மூன்று பேர் ஆடினார்கள். ருதுராஜுக்குக் கையில் அடிபட்டதால் வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே. பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தவர். குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக வந்த டெவால்ட் பிரேவிஸ். கடைசியில், வன்ஷ் பேடிக்குப் பதில் வந்த உர்வில் படேல். மூன்று பேரையும் ஜெட்டாவில் பத்து டீம்களில் ஒன்றுகூட வாங்கவில்லை. நம்ம நோட்டில் மார்க் என்ன, பெயரே இல்லை!

உர்வில் படேல் கதையைக் கேளுங்கள். ஏலம் முடிந்தது நவம்பர் 25. யாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். 27-ம் தேதி சையத் முஷ்டாக் அலி போட்டியில் குஜராத்துக்காக இறங்கி, 28 பந்தில் சதம் அடித்தார்! ரெண்டே ரெண்டு நாள்... அவரை வேண்டாம் என்ற மேஜைகளைக்கூட ஜெட்டாவில் இன்னும் மடித்திருக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? நாங்கள் மட்டும்தான் முட்டாளா, கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுமா? பி.காம். படித்ததற்கு இந்த ஒரு இடத்தில் பிரயோஜனம் இருக்கிறது. ஏலத்தில் விலை என்பது ஆள் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்பதைச் சொல்வதில்லை. அந்த நிமிஷத்தில் ரெண்டு பேருக்கு ஒரே ஆள் தேவைப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. ஜெட்டாவில் ஒரு டீமுக்கு 120 கோடி. தக்கவைத்த ஐந்து பேருக்கே சென்னைக்கு 65 கோடி போய்விட்டது. மிச்சம் 55. ஆரம்பத்தில் பேர் வந்தவனுக்கு எல்லார் பையிலும் பணம் இருக்கும். ரெண்டாம் நாள் சாயங்காலம் பேர் வந்தவனுக்கு? மாசக் கடைசியில் கடன் கேட்டுப் போன கதைதான்!

''அமெரிக்காவுல இப்படி இல்ல தெரியுமோ?'' என்று ஆரம்பித்தார் சொல்தா மாமா. அங்கே ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு. பெயர்தான் ஃபுட்பால், பாதி நேரம் பந்து கையில்தான் இருக்கும். அதற்கு 1936-லிருந்து 'டிராஃப்ட்' என்று ஒரு முறை. ஏலம் கிடையாது, வரிசை. போன வருஷம் கடைசியில் வந்த டீமுக்கு முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. 2000-ம் வருஷம் டாம் பிராடி என்றொரு பையனை 198 பேரைப் பொறுக்கிய பிறகு, 199-வதாக எடுத்தார்கள். அவர் ஏழு தடவை சூப்பர் பௌல் ஜெயித்தார். நம் நாட்டில் ஐ.எஸ்.எல். கால்பந்துக்கும் 2017 ஜூலையில் மும்பையில் டிராஃப்ட் நடந்தது. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாகக் கேரளத்தின் அனஸ் எடத்தொடிக்காவை எடுத்தது.

''அப்ப கடைசி வந்ததுக்கு நமக்கு முதல் சாய்ஸ் உண்டா மாமா?'' என்றார் ரெப், ஆசையாக.

''அது அமெரிக்காவுல தம்பி. இங்க கடைசி வந்தா வசவு மட்டும்தான்.''

இப்போது போன வருஷம், 2025 டிசம்பர் 16-க்கு வருவோம். மார்கழி முதல் நாள், செவ்வாய்க்கிழமை. அபுதாபியில் ஏலம். மத்தியானம் ரெண்டரைக்கு ஆரம்பித்ததால், எல்.டி.சி. ஃபைலுக்குள் போனை வைத்துக்கொண்டு அன்றைக்கென்று தலை குனிந்து வேலை பார்த்திருக்கிறார். சூப்பரின்டெண்டன்ட் பார்த்துவிட்டு, ''பரவாயில்லையே!'' என்று பாராட்டினாராம்!

ராத்திரி கமிட்டி கூடியது. கையில் 43.40 கோடியோடு போன சென்னை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற ரெண்டு சின்னப் பையன்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்திருந்தது. ரெண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடாதவர்கள், அடிப்படை விலை தலா 30 லட்சம். ''ரெண்டு பேருக்கு 28.40 கோடி! வட்டிக்கு விட்டிருந்தாகூட...'' என்று கேஷியர் கால்குலேட்டரை எடுத்தார். ''வயசான டீம்னு திட்டினோம். சின்னப் பசங்களை எடுத்தா அதுக்கும் திட்டுறோம்'' என்றேன் நான். ரெப் 30 என்றார். எல்.டி.சி. 75 என்றார். டீ ஆறிப் போனது.

அப்போதுதான் பட்டியலின் கீழே கவனித்தோம். அமான் கான், 40 லட்சம்.

''ஏய்... நம்ம ஊரு டீம் ஆளுடா! புதுச்சேரிக்கு ஆடறவன்!'' என்று எல்.டி.சி. பெஞ்சில் இருந்து எழுந்தே விட்டார். நாங்கள் கை தட்டினோம்.

பெஞ்சின் ஓரத்தில், எல்.டி.சி.யின் சித்தப்பா பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயசு. பகலில் கூரியர் ஆபீஸ் வேலை, காலையில் ஃபாஸ்ட் பௌலிங். உள்ளூர் லீக்கில் ஆடுகிறான். எங்கள் வாதத்தில் அவன் எப்போதும் கலந்துகொள்ள மாட்டான்.

''அவரு மும்பைக்காரர்ண்ணே'' என்றான் மெதுவாக.

''அதனால என்னடா? நம்ம டீமுக்குத்தானே ஆடறாரு!''

''ஆமாண்ணே. நல்ல பிளேயர்தான். டெல்லிக்காக ஐ.பி.எல்.லயே ஃபிஃப்டி போட்டிருக்காரு. நான் அவரைக் குறை சொல்லல. நீங்க நம்ம ஊருன்னு கை தட்டினீங்களே... ஒரு நிமிஷம் எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. அவ்ளோதாண்ணே.''

யாரும் பேசவில்லை. புதுச்சேரி ரஞ்சிக் கோப்பையில் ஆட ஆரம்பித்ததே 2018-19-ல்தான். அனுபவசாலிகள் வெளியூரிலிருந்து வந்தால்தான் டீம் நிற்கும் என்பது ஒரு நியாயம். இருக்கிற பதினோரு இடத்தில் இவனுக்கு எப்போது இடம் என்பது இன்னொரு நியாயம். ரெண்டுமே நியாயமாக இருப்பதுதான் சங்கடம்.

ஜெட்டா ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். பட்டியலில் வந்தவர்கள் 577. விற்றவர்கள் 182. மிச்சம் 1,392 பேர். அந்த 1,574-லேயே பெயர் கொடுக்க முடியாத பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் வருஷா வருஷம் '30 லட்சமா? வேஸ்ட்டு!' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. பி.காம். கடைசி வருஷம் காலேஜுக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. ஏழு நிமிஷ இன்டர்வ்யூ. 'கம்யூனிகேஷன் போதாது' என்றார்கள். அன்று எனக்கு மார்க் போட்டவர் முகம்கூட இப்போது நினைவில்லை. அந்த ஏழு நிமிஷம் மட்டும் நினைவிருக்கிறது. பிறகு என் முதல் கட்டுரை அச்சானது எப்படித் தெரியுமா? வழக்கமாக எழுதுகிறவருக்கு வைரல் ஜுரம். ஒரு பக்கம் காலியாக இருந்தது. நானும் ரீப்ளேஸ்மென்ட் பிளேயர்தான், சார்!

அன்றைக்கு அமான் கானுக்கு மார்க் போடாமலே நோட்டை மூடினேன்.

பதிமூன்றே நாள். டிசம்பர் 29. அகமதாபாத், விஜய் ஹசாரே போட்டி, ஜார்க்கண்டுக்கு எதிராகப் புதுச்சேரி. நம்ம கேப்டன் அமான் கான் 10 ஓவரில் 123 ரன் கொடுத்தார். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் உலகத்தில் யாருமே அதுவரை அவ்வளவு கொடுத்ததில்லையாம். ரெப்பிடமிருந்து உடனே போன். ''நோட்டை எடு! மைனஸ் மார்க் போடு! நாற்பது லட்சம் போச்சு!''

சாயங்காலம் டீக்கடையில் ஒரே சிரிப்பு. ''ஒரு ஓவருக்குப் பன்னெண்டு ரன்னு!'' என்று கேஷியர் கணக்குச் சொன்னார். நான் ஓரத்தைப் பார்த்தேன். தம்பி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

''நீ சொல்லுடா, எவ்வளவு மார்க் போடலாம்?'' என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.

''அவருதாண்ணே கேப்டன். அஞ்சு ஓவர் அடி வாங்கினதும் பந்தை வேற யார் கையிலயாவது கொடுத்துட்டு ஃபீல்டிங்ல போய் நின்னிருக்கலாம். பத்து ஓவரையும் அவரே போட்டாரு பாருங்க... அதுக்கு எவ்ளோ போடுவீங்களோ, அதைப் போடுங்க.''

நோட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.