குப்பிக்குள் ஒரு வெண்பொடி

எங்கள் ஊரில் யாருக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அது ஒருமுறை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் போகும். "உங்க பையன் காலேஜுல படிக்கிறானே, இதைப் பார்த்துச் சொல்லச் சொல்லு" என்று என் தாயாரிடம் கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் எல்லாம் அறிந்தவன் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாகவே இருந்தது, விடுதியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி என் கைக்கு வரும் வரை.

எங்கள் கபடி அணியில் ஆடும் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் இரண்டு மாதமாகத் தோள்பட்டை வலியால் அவதிப்பட்டார். உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான ஒருவர் கொடுத்ததாகச் சொல்லி அந்தக் குப்பியை என்னிடம் நீட்டினார். அடியில் வெண்மையான பொடி ஒட்டிக் கிடந்தது. மேலே 'பிபிசி-157, 5 மி.கி.' என்றும், கீழே பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றும் அச்சிட்டிருந்தது.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே? எவ்வளவு தண்ணி விடணும், ஊசியில எத்தனை கோடு ஏத்தணும்னு கணக்குப் போட்டுக் கொடு. உங்க லேப்ல வாலை வடிநீர் இருக்குமே, அதுலயும் கொஞ்சம் கொண்டா."

கணக்குத்தானே! 5 மில்லிகிராமை 2 மில்லிலிட்டரில் கரைத்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம். அவருக்குச் சொல்லப்பட்ட அளவு 250 மைக்ரோகிராம். அதற்கு 0.1 மில்லிலிட்டர். நூறு கோடு உள்ள இன்சுலின் சிரிஞ்சில் அது பத்துக் கோடு. அழகாகத் தாளில் எழுதினேன். அதைப் பெருமையோடு எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். கணக்கில் பிழையில்லை என்றார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. அன்று முதல் தேடிப் படித்தறிந்ததே இக்கட்டுரை.

பெப்டைடு என்பது யாது?

அமினோ அமிலங்கள் பூக்கள் என்றால், அவற்றை வரிசையாகத் தொடுத்த சரமே பெப்டைடு. சரம் மிக நீண்டால் புரதம் என்கிறோம். பிரசவ காலத்தில் பயன்படும் ஆக்சிடோசினில் 9 அமினோ அமிலங்கள், குளுக்ககானில் 29, இன்சுலினில் 51. ஆக்சிடோசினை 1953-இல் ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அண்ணன் கையிலிருந்தது 15 அமினோ அமிலங்களைக் கொண்டது.

நீரில் கரைந்த நிலையில் பல பெப்டைடுகள் நாளடைவில் சிதைந்துவிடும். ஆகவே கரைசலை உறைய வைத்து, காற்றழுத்தத்தை வெகுவாகக் குறைத்து, பனிக்கட்டியை நீராகாமலே ஆவியாக்கி விடுகிறார்கள். நீரின் மும்மைப் புள்ளி அழுத்தம் சுமார் 611 பாஸ்கல். அதற்குக் கீழே திரவ நீர் நிலைத்திருக்க முடியாது என்று முதலாண்டில் படித்தோமல்லவா? அந்தப் பதங்கமாதல்தான் இது. 5 மில்லிகிராம் என்பது கண்ணுக்கு மிகச் சிறிய அளவு. எனவே பருமனுக்காக மானிடால் போன்ற பொருளைப் பெரும்பாலும் சேர்ப்பதுண்டு. குப்பியில் பொடி நிறையத் தெரிகிறதே என்று மருந்தின் அளவை மதிப்பிட முடியாது.

வீண் அச்சங்கள்

முதன்முறை கலப்பவர் எதையெதையோ கண்டு பயப்படுகிறார். ஊசி ரப்பர் மூடியைத் துளைத்ததும் நீர் தானாக உள்ளே பாய்கிறதே என்பது ஒன்று. பல குப்பிகளைக் காற்று நீக்கிய நிலையில் மூடுவதால் அப்படி நேர்கிறது. சிரிஞ்சில் சிறு காற்றுக்குமிழ் இருந்தால் உயிருக்கு ஆபத்தா என்பது மற்றொன்று. தோலுக்கடியில் போடும் ஊசியில் சிறு குமிழால் உயிர் போகாது; மருந்தின் அளவுதான் குறையும். குலுக்கலாமா என்பது மூன்றாவது. வேகமாகக் குலுக்கினால் நுரைக்கும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் சில பெப்டைடுகளும் புரதங்களும் உருக்குலைந்து திரளும். அதனால்தான் மெல்லச் சுழற்றச் சொல்கிறார்கள். இந்த அச்சங்கள் சிறியவை. பெரியவை வேறு.

முதற் கேள்வி: எந்தச் சிரிஞ்சு?

நான் நூறு கோட்டுச் சிரிஞ்சை மனத்தில் வைத்துக் கணக்கிட்டேன். அண்ணன் வைத்திருந்ததோ அவருடைய பாட்டிக்கு இன்சுலின் போடும் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. நம் நாட்டில் இருவகை உண்டு. ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 கோடு, மற்றதில் 100. நாற்பது கோட்டுச் சிரிஞ்சில் பத்துக் கோடு என்பது 0.25 மில்லிலிட்டர்; அதாவது 625 மைக்ரோகிராம். என் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும். கணக்குச் சரிதான், கருவி வேறு.

இரண்டாம் கேள்வி: எந்த நீர்?

ஆய்வக வாலை வடிநீரில் உப்புகள் இல்லை. ஆனால் அது நுண்ணுயிர் அற்றதன்று. ஊசிக்குரிய நுண்ணுயிர் நீக்கிய நீர் வேறு. அதில் பாதுகாப்புப் பொருள் கிடையாது. ஒருமுறை திறந்தால் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பலமுறை எடுப்பதற்கான நீரில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். அது கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும். அழுக்கான கையை மன்னிக்காது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தப் பொருளால் குறைமாதக் குழந்தைகள் இறந்ததைக் கண்டு, 1982-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய நீரைப் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாமென்று எச்சரித்தது.

என் தாயார் தம்பிக்குக் காய்ச்சல் மருந்துப் பொடியில் ஆறிய வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொடி, இதுவும் பொடி என்று நினைத்தது என் அறியாமை. வாய் வழியாகப் போவதற்கு இரைப்பையின் அமிலமும் குடலும் காவல் நிற்கின்றன. ஊசி அந்தக் காவலைத் தாண்டிச் செல்கிறது.

மூன்றாம் கேள்வி: உள்ளே இருப்பது அதுதான் என்று யார் சொன்னார்?

இதுவே என்னை வாயடைக்க வைத்தது. என் கணக்கு முழுவதும் '5 மி.கி.' என்ற அச்செழுத்தின்மேல் நின்றது. அண்ணன் உடனே ஒரு சான்றிதழைக் காட்டினார். 99 சதவீதத் தூய்மை என்றிருந்தது. அத்தகைய சோதனை பெப்டைடுகளுள் எத்தனை பங்கு குறிப்பிட்ட பெப்டைடு என்பதைச் சொல்லும். கிருமி இல்லையென்று சொல்லாது. அந்தத் தாள் அந்தக் குப்பிக்கு உரியதுதானா என்பதையும் சொல்லாது.

கிருமி செத்தாலும் கவலை தீர்வதில்லை. சில பாக்டீரியாக்களின் செல்சுவர்த் துணுக்குகளுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். இரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சல் முதல் உயிராபத்து வரை நேரலாம். கொதிக்க வைத்தாலும் அது அழியாது, 121 டிகிரி நீராவியையும் தாங்கும், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியும் அதைத் தடுப்பதில்லை. கண்ணாடிக் கலங்களிலிருந்து அதை நீக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்கிறார்கள். பெப்டைடை அப்படிச் சுட முடியுமா? ஆகவே அது தயாரிக்கும் இடத்திலேயே தடுக்கப்பட வேண்டும். வீட்டில் எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் வாங்கியபோதே இருந்த மாசு போகாது.

வரலாறும் இதையே சொல்கிறது. 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் சாறு செலுத்தப்பட்டது. மருந்து சரியானதுதான், மாசு மிகுதி. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி தோன்றியது, நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலார் அதைத் தூய்மைப்படுத்தித் தந்த பிறகு, ஜனவரி 23 முதல் மீண்டும் செலுத்தியபோது சிறுவன் தேறினான். அவனைப் பிழைக்க வைத்ததில் தூய்மைக்கும் பாதிப் பங்கு உண்டு.

வீட்டில் கலப்பதே தவறு என்று நான் கூறவில்லை. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வந்தால், வீட்டார் குளுக்ககான் பொடியைக் கலந்து ஊசி போடுவதுண்டு. அங்கே பொடியும், அதற்கென அளந்த திரவமும் ஒரே பெட்டியில் வருகின்றன. மருத்துவர் எழுதித் தருகிறார். முறையைக் கற்றுத் தருகிறார்கள். மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை உண்டு.

நான் எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். "நீ சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லுவான்" என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-இல் அப்பொருளைத் தடைப் பட்டியலில் சேர்த்ததைச் சொன்ன பிறகுதான் சற்று யோசித்தார். மறுவாரம் அரசு மருத்துவமனைக்கு இருவரும் போனோம். தோளுக்கு ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் சொன்னார்கள். அந்த ஆண்டுப் போட்டியில் அவரால் ஆட முடியவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் என்மேல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை திண்ணைக்கு மருந்துச் சீட்டும் வரும், குப்பியும் வரும். 'கணக்குத் தெரியும், குப்பிக்குள் இருப்பது தெரியாது' என்று சொல்ல நான் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கமில்லை. இரண்டாண்டு வேதியியலில் நான் கற்ற உருப்படியான பாடம் அதுவென்றே நினைக்கிறேன்.