பரீட்சையும் உத்தியோகமும்: கலைப்பீட மாணவர் வாழ்வின் சமூக அடிப்படைகள்

பல்கலைக்கழக மாணவர் பற்றி எமது சமூகத்திலே இரு குறைகள் அடிக்கடி கூறப்படுகின்றன. மாணவர்கள் நூல்களைத் தேடிப் படிப்பதில்லை, விரிவுரைக் குறிப்புகளை மனனஞ் செய்தே பரீட்சை எழுதுகின்றனர் என்பது ஒன்று. பட்டம் பெற்றபின் தாமாகத் தொழில் தேடாது, அரசாங்கம் நியமனம் வழங்கும்வரை காத்திருக்கின்றனர் என்பது மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் ஆசிரியர்களின் முறைப்பாடு; பின்னையது ஆட்சியாளரதும் பத்திரிகை ஆசிரியர்களதும் முறைப்பாடு. இரண்டுமே மாணவரின் தனிப்பட்ட சோம்பலாகவும் மனப்பாங்குக் குறைபாடாகவும் விளக்கப்படுகின்றன. ஆனால், இவையிரண்டும் ஒரே சமூக நிகழ்முறையின் இரு முனைகள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மாணவர் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை, அவர்கள் எத்தகைய தொழிலை எதிர்பார்க்கக் கூடியதாயுள்ளது என்பதிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிலே தமிழ்மொழி மூலம் பயில்வோரைச் சிறப்பாக மனங்கொண்டு இதனை நோக்குவோம்.

1

கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இடையிலான பிணைப்பு எமது நாட்டிலே நீண்ட வரலாறு உடையது. வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆயினும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்த கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் அங்கு பயின்றவர்களே. பழந்தமிழ் நூற் பதிப்பினால் நாம் போற்றும் தாமோதரம்பிள்ளை, வாழ்க்கைக்கு உத்தியோகத்தையே நம்பியிருந்தார் என்பதும் அவ்வுத்தியோகம் இந்தியாவிலேயே அமைந்தது என்பதும் கவனிக்கத்தக்கன. குடியேற்ற ஆட்சிக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ காணிகள் சிறியன, நீர்வளம் குறைவு. எனவே, கொழும்புக் கந்தோர்களும் மலாயாவின் புகையிரதப் பகுதியும் இக்குடும்பங்களுக்கு நிலத்தின் தொடர்ச்சியாக அமைந்தன. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி இச்சூழலிலே பிறந்தது. மாதச் சம்பளம், ஓய்வூதியம், திருமணச் சந்தையிலே பெறுமதி ஆகிய மூன்றையும் ஒருங்கே தந்த ஒரு தொழிலை நாடியது அறியாமையன்று. அது ஒரு பொருளாதாரக் கணிப்பு.

2

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ 900 மாணவரே அங்கு பயின்றனர். கற்பித்தல் ஆங்கிலத்திலே நடந்தது. பட்டம் பெற்றோர் தொகை, கிடைக்கக்கூடிய உயர் பதவிகளை மீறவில்லை. கன்னங்கரா அவர்களின் முயற்சியினால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும், தாய்மொழிக் கல்வியும் இந்நிலையை மாற்றின. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960களின் நடுப்பகுதியிலே பல்கலைக்கழக மாணவர் தொகை 10,000ஐத் தாண்டியது. விவசாயியின் மகனும் மீனவரின் மகளும் பல்கலைக்கழக வாயிலை அடைந்தமை இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் வெற்றிகளுள் ஒன்று. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அவ்வெற்றியின் பலன் மிகத் தாமதமாகவே கிட்டியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேயே என்பதையும் இங்கு மறத்தலாகாது.

கல்வி இவ்வாறு பரவியபோது உற்பத்தி அமைப்பு மாறவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியிலே தங்கியிருந்த பொருளாதாரம், கற்றவர்களை ஈடுபடுத்தக்கூடிய கைத்தொழில் வளர்ச்சியைத் தரவில்லை. அரசாங்க உத்தியோகங்களின் பெருக்கமும் பட்டதாரிகளின் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கல்வி ஜனநாயகப்படுத்தப்பட்டது; உற்பத்தி அவ்வாறு மாற்றப்படவில்லை. இம்முரண்பாடே பின்வந்த நிகழ்ச்சிகள் பலவற்றின் அடித்தளமாகும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலே பெருமளவிற் பங்குகொண்டோர் கிராமப்புறத்துப் படித்த சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டிலே டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் கிடைக்கும் தொழில்களுக்கும் இடையிலான பொருத்தமின்மையை முதன்மைப்படுத்தி அறிக்கை அளித்தது. அக்காலத்தில் அறிமுகமான மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும், அருகிப்போன இடங்களுக்கான போட்டிக்கு இன வடிவத்தைக் கொடுத்தன. யாழ்ப்பாணத்து மாணவர் இழப்புற்றனர். பின்தங்கிய தமிழ் மாவட்டங்கள் சில மாவட்ட முறையினாற் பயன்பெற்றன. இடங்கள் ஏன் இவ்வளவு குறைவாக உள்ளன என்ற கேள்வி, யாருக்கு எத்தனை என்ற பூசலுள் மறைந்துபோயிற்று.

3

ஒரு பொருள் அருகும்போது அதனைப் பங்கிட ஒரு முறை வேண்டும். எமது நாட்டிலே அம்முறை பரீட்சையாகும். றொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட 'பட்டச் சான்றிதழ் நோய்' பற்றிய நூலிலே இலங்கையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டமை தற்செயலானதன்று. தொழில்கள் குறையக் குறையத் தகைமைகள் உயர்கின்றன. தகைமைகள் உயரக் கற்றல் பரீட்சைக்கான ஆயத்தமாகச் சுருங்குகின்றது.

அண்மைய ஆண்டுகளிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் தோற்ற, 40,000 பேருக்குச் சற்று அதிகமானோரே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம்பெறுகின்றனர். ஒரு மாணவியின் எதிர்காலத்தை இசட் புள்ளியின் தசமத் தானமொன்று தீர்மானிக்கும் நிலையிலே, பரீட்சகர் எதிர்பாராத விடையை எழுதுவது ஆபத்தானது. முன்னைய வினாத்தாள்களும் மாதிரி விடைகளும் ரியூற்றரியிலே பெற்ற குறிப்புகளும் பாதுகாப்பானவை. பத்தொன்பது வயது வரை இவ்வாறு பயிற்றப்பட்டவரிடம், பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல்நாளே சுயசிந்தனை இல்லையே என்று குறைகூறுவதிற் பயனில்லை.

பல்கலைக்கழகத்தினுள்ளும் இந்நிலை தொடர்வதற்குப் பௌதிகக் காரணமொன்று உண்டு. கலைப்பீடங்களிலே தாய்மொழி மூலக் கல்வி தொடங்கிய காலத்தில், அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் பாடநூல் மொழிபெயர்ப்புகளையும் வெளியிட்டது. அம்முயற்சி வளர்ச்சியடையாது தேய்ந்தது. பொருளியல், சமூகவியல், புவியியல் முதலாய துறைகளிலே நூலகத்தில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். கிராமப் பாடசாலையிலிருந்து வந்த மாணவருக்கு ஆங்கில நூல் எட்டாதது. தமிழ் நூலோ இல்லாதது. அந்நிலையில் விரிவுரைக் குறிப்பே பாடநூலாகிவிடுகின்றது. குறிப்பை நம்பியிருத்தலைச் சோம்பல் என்பவர்கள், அம்மாணவர் படிக்கக்கூடிய நூல் எது என்பதையும் காட்டவேண்டும்.

எனினும், இம்மாணவர் வாழ்விலே முற்றிலும் வேறான ஒரு மரபும் உண்டு. பரீட்சை அண்மிக்கும்போது விடுதி அறைகளிலும் வெற்று விரிவுரை மண்டபங்களிலும் நடைபெறும் 'குப்பி' எனும் கூட்டுப் படிப்பையே குறிப்பிடுகின்றோம். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கை நினைவூட்டும் இப்பெயர் சிங்கள, தமிழ் மாணவர் இருசாராரிடத்தும் வழங்குகின்றது. விளங்கிய ஒருவர் விளங்காத பலருக்குக் கட்டணமின்றிச் சொல்லிக்கொடுக்கின்றார். உயர்தரப் பரீட்சையிலே ஒருவரையொருவர் முந்த ஓடியவர்கள், இங்கு அறிவைப் பொதுச்சொத்தாகப் பகிர்கின்றனர். குப்பியிலும் குறிப்புகளே பரிமாறப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும், ஒரு கருத்தைத் தன் சொந்த மொழியிலே இன்னொருவருக்கு விளக்க முற்படும் அக்கணத்திலேதான் பலருக்கு உண்மையான கற்றல் தொடங்குகின்றது.

4

பட்டம் பெற்றபின் நிகழ்வது என்ன? பொதுப் பட்டமாயினும் சிறப்புப் பட்டமாயினும், வீடு திரும்பும் பட்டதாரி வர்த்தமானியில் விளம்பரங்களைத் தேடுகின்றார். ஆசிரியர் சேவை, நிர்வாக சேவை முதலியவற்றுக்கு மீண்டும் போட்டிப் பரீட்சைகள். அவற்றுக்கும் வகுப்புகள், அவற்றுக்கும் குறிப்புகள். இடைக்காலத்திலே பலர் ரியூற்றரியிற் படிப்பித்துச் செலவைச் சமாளிக்கின்றனர். அதாவது, குறிப்புகளால் உருவாக்கப்பட்டவர் அடுத்த தலைமுறைக்குக் குறிப்புக் கொடுப்பவராகின்றார். தொழிலின்மை இவ்வாறு தன்னை உண்டாக்கிய கல்விமுறையைத் தானே மறுபடியும் உற்பத்தி செய்கின்றது.

தனியார் துறையை நாடலாமே என்பர். 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் பெருமளவில் உருவாக்கியவை ஆடைத் தொழிற்சாலை வேலைகளும் மத்திய கிழக்கு வேலைகளுமாகும். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் தேவைப்படும் கொழும்புக் கம்பனிகளோ ஆங்கிலத்தை வேண்டுகின்றன. சிங்கள மாணவர் வழக்கிலே ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர். அது ஒரு வர்க்கத்தின் கையிலிருந்து மற்றொரு வர்க்கத்தை வெட்டும் கருவி என்பதை மாணவர்கள் எமது சமூகவியலாளரிலும் சுருக்கமாகக் கூறிவிட்டனர்.

எனவே, அரசாங்கத்தை நோக்கிக் காத்திருத்தல் ஏனைய வழிகள் அடைபட்டதன் விளைவாகும். 2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் பல வாரங்களாகத் தெருவோரத்திலே அமர்ந்து போராடினர். 2020இல் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிரதேச செயலகங்களிலே இருக்கைகூட இல்லாது நின்றவர்களைக் கண்டு பலர் நகைத்தனர். நகைப்புக்குரியவர்கள் அப்பட்டதாரிகளல்லர், கற்ற உழைப்பை உற்பத்தியிலே ஈடுபடுத்த வழியறியாத அமைப்பே நகைப்புக்குரியது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியபின், அரச செலவுக் குறைப்பு இவ்வழியையும் ஒடுக்கியுள்ளது.

5

இதற்குப் பரிகாரமாகக் கலைப்பீட அனுமதியைக் குறைக்கவேண்டும், பாடத்திட்டத்தைத் தொழில்சார்ந்ததாக்கவேண்டும் எனும் குரல்கள் எழுகின்றன. தொழில்சார் கற்கைநெறிகள் 1970களின் தொடக்கத்திலேயே முயன்று பார்க்கப்பட்டவை. பாடநெறியின் பெயரை மாற்றுவதனால் தொழில்களின் தொகை பெருகுவதில்லை என்பதே அவ்வனுபவம் தந்த பாடம். கலைப்பீட அனுமதியைக் குறைத்தால் வெளியே நிற்கப்போவோர் யார்? நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தர வகுப்புகள் யாவும் உள்ளவை பத்திலொரு பங்களவினவே. ஏனைய பாடசாலைகளிலே கற்கும் கிராமத்து, மலையகத்துப் பிள்ளைகள் கலைப் பாடங்களைத் 'தெரிவு' செய்வதில்லை. அவர்களுக்கு அதுவே எஞ்சுகின்றது. கலைப்பீட மாணவரிற் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதையும் சேர்த்து நோக்கின், அனுமதிக் குறைப்பு யாருடைய கல்வியின் குறைப்பாக முடியும் என்பது தெளிவாகும்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறையினரும் ஏனைய சமூக விஞ்ஞான ஆசிரியரும் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்டுதோறும் வாசித்து எழுதுவிக்கும் விரிவுரைக் குறிப்புகளைத் திருத்தி, விரித்து, தமிழ் நூல்களாக்குதல் ஒன்று. மனனத்தால் விடையளிக்க முடியாத வினாக்களை அமைத்தலும், குப்பியிலே மாணவர் தாமாக வளர்த்துள்ள கூட்டுக் கற்றலை வகுப்பறை முறையாக ஏற்றுக்கொள்ளலும் ஏனையவை. இவற்றால் ஒரு நியமனங்கூடப் புதிதாக உண்டாகிவிடாது. தொழில்களை உண்டாக்கும் பொருளாதார மாற்றம் பல்கலைக்கழக மதில்களுக்குள் நிகழ்வதன்று. உழைக்கும் மக்களின் அரசியலுடன் இணைந்தே அது கைகூடும். ஆனால், தம் நிலையின் காரணங்களைத் தாமே ஆராய்ந்து கூறவல்ல பட்டதாரிகளை உருவாக்குதல் அம்மாற்றத்துக்கு வேண்டிய பணிகளுள் ஒன்றாகும். அதற்குத் தடையாக இருப்பது மாணவரின் சோம்பலே என்று தொடர்ந்தும் கூறிக்கொண்டிருப்பது, ஆய்வைக் கைவிடுவதற்கே ஒப்பாகும்.