பிளேக் பாடிய பேதைமை

ஆங்கிலப் புலவர் வில்லியம் பிளேக் (1757–1827) இலண்டன் மாநகரிற் பிறந்து, செப்புத் தகட்டிற் சித்திரம் பொறிக்குந் தொழிலாற் சீவித்தவர். அவர் 1789-இல் தாமே பொறித்து அச்சிட்டு வெளிப்படுத்திய பாட்டுநூலின் பெயரில் ‘இன்னொசென்ஸ்’ என்பதோர் சொல் உளது. அதனை அறியாமை என்று பெயர்த்தல் எளிது. ஆயின், அறியாமையை ஆணவமலத்தின் காரியமெனக் கொள்ளும் நம்மனோர்க்கு அப்பெயர்ப்பு நூற்கருத்தையே மறைத்துவிடும். மகளிர் குணங்களுள் ஒன்றாகிய மடம் என்பதற்குப் பழைய உரையாசிரியர் கூறிய பொருள் இதற்கு மிக அணித்து. பிறர் அறிவித்ததை உள்ளத்தேற்று, ஏற்றதைப் பின்னர் நழுவவிடாது நிற்றலே மடமென்பர் அவர். பிளேக்கின் குழந்தைகளது பேதைமையும் அத்தகைத்தே.

ஆட்டுக்குட்டியைக் குறித்த பாட்டைக் காண்க. உன்னைப் படைத்தவர் யாரென்று குட்டியை வினாவும் குழந்தை, விடையையுந் தானே கூறுகின்றது. குடத்தைக் கொண்டு குயவனை அநுமானிக்குந் தருக்கம் ஆங்கில்லை. படைத்தவர் குட்டியின் பெயரையும் பூண்டார், குழவியாயும் வந்தார். ஆதலின் மூவர்க்கும் பெயர் ஒன்றே என்பது அதன் துணிபு. (கிறிஸ்து மதத்தார் தம் இறைவனை ஆட்டுக்குட்டியென வழங்குதல் ஈண்டு நினைக்கத்தக்கது.) அன்பினால் உறவு கண்டு, அவ்வுறவினால் இறைவனைக் கண்டவாறு இது.

இவ்வன்பு துன்பத்தின் நடுவே நிற்குமோ எனின், புகைபோக்கி துடைக்குஞ் சிறுவன் பாட்டைப் பார்த்தல் வேண்டும். தாயை இழந்து தந்தையால் விற்கப்பட்ட அவன், ‘துடைக்க’ எனத் தெருவிற் கூவுங்கால், நாத் திருந்தாமையின் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை விழுங்குகின்றான். விழுங்கவே அச்சொல் ‘அழு’ என்று பொருள்படுகின்றது. எட்டு வயது நிரம்பாதாரை இத்தொழிலிற் சேர்த்தலாகாதென 1788-இல் எழுந்த சட்டம் ஏட்டளவில் நின்றது. அவன் தோழன் ஒருவன் கனவிலே, கரிய பெட்டிகளுட் பூட்டுண்டு கிடந்த சிறுவரைத் தேவதூதன் திறந்து விடுகின்றான். விடிந்தபின் குளிரிலே வேலைக்குச் செல்லும் அத்தோழன் மனமகிழ்ந்திருக்கின்றான்; கடமையைச் செய்வார்க்குத் தீங்கில்லை என்பது பாட்டின் முடிபு.

இஃது ஏழையை அடங்கிக் கிடக்கச் சொல்லும் உபதேசமன்றோ எனச் சிலர் ஆசங்கிப்பர். அம்முடிபு சிறுவன் கூற்றேயன்றிப் புலவர் கூற்றன்று. 1794-இல் பிளேக் முன்னைய பாட்டுக்களோடு அனுபவப் பாட்டுக்களையுஞ் சேர்த்து, ஆன்மாவின் மாறுபட்ட இரு நிலைகளைக் காட்டுவன இவையென வெளியிட்டார். அவற்றுள் மற்றொரு சிறுவன் பனியிலே நிற்கின்றான். பெற்றோர் தேவாலயத்திற்குத் தொழச் சென்றுளர். தான் ஆடிப் பாடுதலைக் கண்டு, தனக்குத் தீங்கே செய்திலேமென அவர் எண்ணியிருப்பதாக அவன் முறையிடுகின்றான். இவ்விரண்டினையும் ஒருங்குவைத்து ஓதினாலன்றிப் புலவர் உள்ளம் புலனாகாது. முன்னவன் நம்பிக்கை பொய்யன்று; அந்நம்பிக்கையைத் தம் கொடுமைக்குத் திரையாகக் கொண்டாரது தொழுகையே பொய். பின்னதைக் கற்றவர் முன்னதை எள்ளி நகைத்தல் நூலைப் பாதியிற் படித்ததாகவே முடியும்.

இத்தொழிலினின்று சிறுவரை மீட்கவேண்டி 1824-இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி என்பார் ஒரு தொகைநூல் வெளியிட்டார். அதற்குச் சார்லஸ் லாம் அனுப்பி வைத்தது, குறைகூறும் பின்னவன் பாட்டையன்று. மகிழ்ந்து வேலைக்குச் சென்ற முன்னைச் சிறுவர் பாட்டையே. சிறுவரைப் புகைபோக்கியில் ஏற்றும் வழக்கம் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒழிந்தது.