கொல்லைக்குள் ஏறும் உப்பு

காரைக்காலின் கிளிஞ்சல்மேடு போன்ற கடலோரக் குப்பத்தில் கொல்லை போடுகிறவருக்கு வெயில் பழகிய எதிரி. பயப்பட வேண்டியது அடிபம்புத் தண்ணீருக்குத்தான்.

கரையோர மணலில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது: மோட்டார் போட்டு 1 அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறப் பார்க்கும். கடலும் சும்மா இல்லை. உலக சராசரியில் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில்.

காரைக்கால் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. சிமென்ட் பூசிய வாசலில் விழுந்த மழை மண்ணுக்குள் போகாமல் வாய்க்காலைப் பார்த்து ஓடுகிறது.

உப்பு ஏறியதை முதலில் சொல்வது அவரையும் வெண்டையும் மாவும். இலை நுனி கருகும், பூ உதிரும். தென்னை, சப்போட்டா, பூவரசு ஓரளவு தாங்கும். 2004 சுனாமியில் உப்பேறிய காவிரி டெல்டா வயல்களை ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுது மீட்டார்கள். அன்று வந்தது ஒரே நாளில் மேலே படிந்த உப்பு. இன்று கீழிருந்து மெல்ல ஏறுவதைக் கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

மணல்மேடுதான் பதில். அலையைத் தடுப்பதும் அதுதான், மழையை உறிஞ்சி நன்னீராகச் சேர்த்துவைப்பதும் அதுதான். அதைச் சமன்செய்து சவுக்கு வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சவுக்கு சீக்கிரம் வளரும், விறகுக்கும் காசுக்கும் ஆகும் என்பார்கள், அது உண்மையே. ஆனால் உதிர்ந்த ஊசிச் சருகு மெத்தையாகப் படிந்தால், மணலைப் பிடிக்கும் அடம்பும் இராவணன் மீசையும் அங்கே தலைதூக்குவது கடினம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது, டெல்டாவில் சாய்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில். மரத்தை மட்டும் நம்பிய கரைக்கு அது போதுமான எச்சரிக்கை.

அடம்பு கணுவுக்குக் கணு வேர்விடும். கொடித் துண்டுகளை ஐப்பசி மழைக்கு முன்னே மேட்டின் கடல்முகத்தில் பதித்து, பின்சரிவில் தாழையும், அதற்கும் பின்னால் புன்னையும் பனையும் வைக்கலாம். வீட்டுக் கூரைத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடாமல் கொல்லைக் குழியில் இறக்கினால், அவரைப் பந்தல் இன்னும் சில கோடைகள் தாங்கும்.