ஈயக் குண்டும் அளவச்சும்: கேமரன் மலைத் தோட்டத் தமிழர் அறிய வேண்டிய சட்டமும் நஞ்சும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காய்கறிக் கொல்லைகளிலும் லயத்து வீடுகளின் பின்புறப் பாத்திகளிலும் காட்டுப்பன்றி புகுந்து கிழங்குகளைக் கிளறிப்போடுவது புதிய செய்தி அன்று. ஆனால் அதற்கு மருந்து தேடும் இளைஞரின் கைப்பேசிக்கு, வீட்டிலேயே ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அமெரிக்கக் காணொளிகள் வந்து சேர்வது புதிய நிலைமை. அந்நாட்டின் கூட்டரசுச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்வோரிடம் உரிமம் கேட்பதில்லை என்பதால், அங்கு அது தச்சுவேலை போன்ற ஓர் ஓய்வுநேர வேலையாகவே காட்டப்படுகிறது. மலேசியாவில் அதே வேலை சிறைக்கு வழிவகுக்கும் குற்றம் என்பதையும், சட்டம் எதுவாயினும் ஈயம் எங்கும் நஞ்சே என்பதையும் அக்காணொளிகள் சொல்வதில்லை.

காணொளிகள் காட்டும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொண்டால் அதன் இடர்கள் எங்கே இருக்கின்றன என்பது விளங்கும். உருக்கிய ஈயத்தை அச்சில் வார்த்துக் குண்டாக்கி, அதன் மேல் பாலியெஸ்டர் போன்ற சாயத்தூளைப் படியவைத்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்துப் பூச்சை இறுகச் செய்கிறார்கள். இதுவே தூள் பூச்சு. பூச்சினால் குண்டின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு கூடிவிடுவதால், நுண்ணிய அளவில் கடைந்த எஃகுத் துளையின் வழியே அதை அழுத்தித் தள்ளி உரிய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தத் துளைக் கருவிதான் 'சைசிங் டை' எனப்படும் அளவச்சு. குண்டு குழலுக்கு அகன்றிருந்தால் வெடியழுத்தம் அளவுமீறலாம். குறுகியிருந்தால் அதனைச் சுற்றி அனல்வாயு கசிந்து குழலினுள் ஈயம் படியும். ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணிக்கும் அளவுகோலும் பயிற்சியும் இல்லாத கைகளில் இவ்வேலை, சுடுபவரின் முகத்துக்கு நேரே நடத்தப்படும் சோதனையாகவே முடியும்.

மலேசியாவில் இதை ஆளும் முதன்மைச் சட்டம் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்போருக்கு அச்சட்டம் ஏழு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. உரிமமின்றி உற்பத்தி செய்வதை அதனினும் கடுமையான தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. வெடிமருந்து வைத்திருப்பதற்கு 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியே உரிமம் கேட்கிறது. 'பகாகுக்' என்று மலாய் மொழியில் வழங்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று உடன் அகப்பட்டால், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கித் தண்டனை உயர்வுச் சட்டம் குறுக்கிடுகிறது. அதன்படி உரிமமற்ற துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. அச்சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணையும் கிடையாது. பன்றியைத் துரத்தத்தான் செய்தேன் என்ற விளக்கம் குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தோட்டத் தமிழருக்கும் ஓர் இழப்பு உண்டு. 1948இல் பிரிட்டிஷ் ஆட்சி பிறப்பித்த அவசரகால விதிகள், உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவதையே தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. தஞ்சைப் பகுதியில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு தலையிட்டும் அவரது உயிரைக் காக்க இயலவில்லை. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிவுற்றது. அதே ஆண்டில்தான் ஆயுதச் சட்டமும் பிறந்தது. அத்தண்டனையின் நியாயம் குறித்து இன்றும் கேள்வி எழுப்புவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. எனினும் ஒரு கைப்பிடித் தோட்டாவை இந்நாட்டின் சட்டம் எவ்வளவு பெரிய பொருளாகக் கருதி வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

வீட்டுப் பரணிலோ இறந்த பெரியவரின் பெட்டியிலோ பழைய துப்பாக்கியோ தோட்டாவோ கண்டெடுக்கப்பட்டால், அதைப் புதைப்பதும் ஆற்றில் எறிவதும் பிறரிடம் கைமாற்றுவதும் இருக்கும் சிக்கலைப் பெருக்கும். பொருளைத் தொடாமலும் இடம் மாற்றாமலும் விட்டு, ஒரு வழக்கறிஞரின் துணையோடு காவல் துறைக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பான வழி. கைது நேர்ந்துவிட்டால், கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு தரும் உரிமைகளைத் தோட்டக் குடும்பங்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் கைதானவருக்கு உரிமை உண்டு, பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத மலேசியக் குடிமக்களுக்காகத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உள்ளது; கைது, தடுப்புக்காவல், பிணை ஆகிய கட்டங்களிலேயே அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். பணம் இல்லை என்பதற்காக வழக்கறிஞரே இல்லாமல் வாக்குமூலம் கொடுத்துவிடும் வழக்கம் மறைய வேண்டும்.

பன்றித் தொல்லைக்குச் சட்டத்துக்கு உட்பட்ட வழி இல்லாமல் இல்லை. விவசாயிகள் 'செனாப்பாங் பாத்தா' என்று சொல்லும் ஒற்றைக் குழல் மடிப்புத் துப்பாக்கிக்கு மாநிலக் காவல் தலைவரிடமிருந்து உரிமம் பெறலாம். விண்ணப்பம் மாவட்டக் காவல் தலைமையகத்தின் வழியாகச் செல்லும். தோட்டாக்களை உரிமத்தில் குறித்த அளவுக்குள், உரிமம் பெற்ற வணிகரிடம் மட்டுமே வாங்க வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கு ஆலையில் செய்த ஈயச் சன்னத் தோட்டாவே போதுமாதலால், வார்ப்புக் குண்டுக்கும் அளவச்சுக்கும் அங்கே வேலையே இல்லை. வேட்டையாடுவதற்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமமும் தேவை. துப்பாக்கி உரிமம் இல்லாதவர்கள் அத்துறையிடம் முறையிட்டு நடவடிக்கை கோரலாம். கம்பிக் கண்ணி வைப்பது இதற்கு மாற்று அன்று. அதுவும் அதே சட்டத்தின்படி குற்றம்.

சட்டத்தின் கண்ணில் படாமல் தப்பினாலும் ஈயத்தின் பிடியிலிருந்து தப்புவது அரிது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால் சமையல் அடுப்பே போதும் என்று தோன்றுகிறது; தீங்கு அங்கேயே தொடங்குகிறது. உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடும், அதை வழித்தெடுக்கையில் பறக்கும் நுண்துகளும், குண்டைத் தொட்ட கையும் சட்டையும் வீடு முழுவதும் நஞ்சைப் பரப்புகின்றன. மழையும் பனிமூட்டமும் ஓயாத அம்மலையில் பழைய ஈயத்துண்டுகளில் ஈரம் தங்கியிருக்கும். உருகிய ஈயத்தினுள் ஒரு துளி நீர் இறங்கினாலும் அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும். தூண்டிலுக்கு ஈயக்கட்டி வார்ப்போருக்கும் பழைய பேட்டரியை உடைப்போருக்கும் இது அப்படியே பொருந்தும். தூள் பூச்சு ஈயத்தை மூடிவிடுவதால் ஆபத்து நீங்கிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விரல் நேராகப் படுவதைப் பூச்சு குறைக்கிறதே தவிர, உருக்கும்போது எழுந்த துகளை அது திரும்பப் பெறுவதில்லை. பூச்சை இறுகச் செய்த அடுப்பில் பின்னர் உணவு சமைப்பது அறவே கூடாது.

பெரியவர் ஒருவரின் உடல் தான் விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஏற்கும்போது, சிறு குழந்தையின் உடல் பாதியளவுகூட ஏற்றுவிடுகிறது. அது எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் இரத்தத்துக்குத் திரும்பும். பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் கிடையாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல், பிள்ளைகளிடம் கவனச் சிதறல் ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம். எந்த அடையாளமும் இன்றியும் அது மூளையைப் பாதிக்கலாம். ஐயம் எழுந்தால் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலோ மருத்துவரிடம் ஈயத்துடன் பழகியதை ஒளிக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும்படி கேட்க வேண்டும். முதல் சிகிச்சை ஈயத்தின் ஊற்றுக்கண்ணை வீட்டிலிருந்து அகற்றுவதுதான். இரும்பும் கால்சியமும் நிறைந்த உணவு ஈயம் உடலில் சேர்வதைக் குறைக்கிறது. பணிமனையில் ஈயத்தோடு வேலை செய்து நோயுற்ற தொழிலாளிக்கு 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் தொழில்நோய் இழப்பீடு கோரும் உரிமை உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை.

உரிமத்தோடு சுட்ட பன்றியின் இறைச்சியிலும் ஈயம் தங்குகிறது. சன்னம் பாய்ந்த இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சிதறிக் கிடப்பதால், காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். புளியோ வினிகரோ சேர்த்துச் சமைத்தால் அந்தப் புளிப்பு ஈயத்தைக் கூடுதலாகக் கரைத்துக் குழம்பில் இறக்கும் என்பதால், கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அவ்விறைச்சியைப் பரிமாறாமல் இருப்பதே நல்லது.