தொப்பிக்கு வந்த புத்தகம்!

ராபின்சன் குரூசோவின் ஒரு வேர் கண்டிப் பக்கத்து வயல்வெளியில் கிடக்கிறது, தெரியுமா?

1660இல் கொட்டியாரக் கரையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கியபோது ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸுக்கு வயது 19. விலங்கும் இல்லை, கம்பியும் இல்லை. ஊருக்குள் நடமாடலாம், நாட்டை விட்டுத்தான் போகமுடியாது. இப்படியே 19 ஆண்டுகள்! தொப்பி பின்னி விற்றார். கண்டிக்கு அருகே எலதெத்தவில் காணி வாங்கிக் குடியேறினார். ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, இவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒரு கிழவர் விசாரித்தார். அவரிடம் இருந்தது ஆங்கில பைபிள்! கையில் மிச்சமிருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிடத் துடித்தார் நொக்ஸ். கூட நின்ற வேலைக்காரப் பையன் படு கெட்டிக்காரன், தடுத்துவிட்டான். கடைசியில் படிந்த விலை? ஒரு பின்னல் தொப்பி!

1679இல் காட்டுவழியே தப்பி அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய இலங்கை நூல் வெளிவந்தது. 1719இல் டீஃபோ எழுதிய குரூசோவுக்கு அதுவும் ஒரு தூண்டுகோல் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அடுத்த ஆண்டே வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலிலோ டீஃபோ ஒளிவுமறைவே வைக்கவில்லை; நொக்ஸின் கதையைப் பெயரோடு எடுத்துச் சேர்த்துவிட்டார்!

நம்மவர் கதை இன்னும் விசித்திரம். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறிய ஆறாம் ஆண்டில், 1885இல், இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பே சரித்திரம்' வந்தது. எழுதியவர் கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவரும் அவரே. ஆனால் மலையையும் மகாவலியையும் தேடி அந்த நாவலைப் புரட்டாதீர்கள். கதை சுற்றுவது எகிப்திலும் இந்தியாவிலும்! நாவல் வந்தபோது, எகிப்திலிருந்து பிரிட்டிஷார் நாடுகடத்திய ஒராபி பாஷா இலங்கைக்கு வந்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர் பிற்காலத்தில் குடியிருந்த கண்டி வீடு இன்று நூதனசாலை.

1907இல் கண்டிக் கச்சேரிக்கு அதிகாரியாக வந்த லெனார்ட் வூல்ஃபுக்குப் போகம்பரைச் சிறையில் தூக்கை நின்று பார்ப்பதும் உத்தியோகக் கடமை! ஊர் திரும்பி, 1913இல் இலங்கைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி நாவல் வெளியிட்டார். மனைவி வர்ஜீனியாவின் முதல் நாவல் வந்ததோ 1915இல்தான். கணவர் முந்திக்கொண்டார்! 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கணவரின் நாவலைப் படமாக்கியபோது வூல்ஃபாக நடித்தவர் யார் தெரியுமா? விண்வெளிக் கதை மன்னர் ஆர்தர் சி. கிளார்க்!

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1922இல் கண்டிக்கு வந்தார், வெயிலைத் திட்டினார், போய்விட்டார். ஆனாலும் பெரஹரா யானை அவரை விடவில்லை. ஒரு கவிதை வாங்கிக்கொண்டது.

சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞர்களின் வேலைகளைப் பற்றி எழுதிய பெரிய நூலை 1908இல் இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே அச்சிட்டார். வில்லியம் மொரிஸின் பழைய கை அச்சுப்பொறி, பதினைந்து மாத உழைப்பு, மொத்தமே 425 பிரதிகள்! எங்காவது ஒன்று கண்ணில் பட்டால் சும்மா பேரம் பேசிப் பாருங்கள். தொப்பிக்கெல்லாம் தரமாட்டார்கள்.